கொழுக்கட்டைக்கு நம் வயல் உளுந்து

மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கிள்ளைக்கு வரும்போது, சம்பா அறுவடைக்கு முன் தெளித்த உளுந்து பூவும் பிஞ்சுமாக நிற்கும். பங்குனி, சித்திரையில் களத்துக்கு வந்துவிடும். ஆனால் ஆவணியில் பிள்ளையார் சதுர்த்திக்கு உப்புக் கொழுக்கட்டை செய்ய, விளைவித்த வீட்டிலேயே கடை உளுந்து வாங்குகிறார்கள். கேட்டால், ‘வச்சிருந்தா வண்டு விழுந்துடுது சார்’ என்கிறார்கள்.

பயறு வண்டின் முட்டை வயலிலிருந்தே காயோடு வரும். முழு உளுந்தில்தான் அது பெருகும். உடைத்த பருப்பில் அவ்வளவாக ஏறாது. எனவே வீட்டுக்கு வேண்டிய 4 படியை, கடித்தால் ‘டக்’கென்று உடையும்வரை காயவைத்து, உடனே உடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மருந்து கலந்த விதை உளுந்து மட்டும், எத்தனை முறை கழுவினாலும் அடுப்படிக்கு வரவே கூடாது.

பூரணத்துக்கு ஒரு டம்ளர் பருப்பை 1 மணி நேரம் ஊறவைத்து, ஒட்ட வடியுங்கள். 4 காய்ந்த மிளகாய், உப்பு, பெருங்காயம் சேர்த்து, தண்ணீர் விடாமல் கரகரப்பாக அரையுங்கள். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நைசாக அரைத்தால் இட்லி போலத் திரண்டுவிடும், உதிராது. இட்லித் தட்டில் 10 நிமிடம் வேகவைத்து, ஆறியதும் உதிர்த்து, கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கிளறி, தேங்காய்த் துருவல் சேர்த்து இறக்குங்கள். தோலோடு அரைத்தால் பூரணம் கறுக்கும். எனக்கு அந்த மணம்தான் பிடிக்கும்.

மிஞ்சியதைக் கொத்தவரங்காயோடு கிளறினால், மறுநாள் சாப்பாட்டுக்கு உசிலி தயார்.