உறங்கும் கிருமி

"அக்கா, ரிப்போர்ட்டில கிருமி இல்லை எண்டு வந்திருக்கு. இனியும் ஏன் இந்தக் குளிசை?"

எனக்குப் பழக்கமான ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. எச்.ஐ.வி தொற்றுள்ளவள். வயது முப்பத்திரண்டு. இரண்டு வருடமாக ஒரு நாளும் தவறாமல் குளிசை எடுக்கிறாள். கேள்வியிலும் நியாயம் இருந்தது. காய்ச்சல் மாறினால் நாம் மருந்தை நிறுத்துகிறோம்தானே!

அவளுக்கு நான் ஒரு குழந்தையின் கதையைச் சொன்னேன். 2010இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த குழந்தை. தாய்க்குத் தொற்று இருப்பது பிரசவ வேளையில்தான் தெரியவந்தது. பிறந்து 30 மணித்தியாலத்தில் டொக்டர் ஹன்னா கே என்ற பெண் வைத்தியர் குழந்தைக்கு மருந்தைத் தொடங்கினார். பதினெட்டு மாதமானபின் தாய் பிள்ளையைக் கொண்டுவரவில்லை, மருந்தும் நின்றது. சில மாதம் கழித்து வந்தபோது பரிசோதித்தால், இரத்தத்தில் கிருமியைக் காணவில்லை! 2013 மார்ச்சில் செய்தி உலகெங்கும் பரவியது. பிள்ளை குணமாகிவிட்டது என்றே பலரும் நம்பினார்கள். 2014 ஜூலையில் வேறு செய்தி வந்தது. மருந்தில்லாமல் 27 மாதம் கழிந்தபின் கிருமி திரும்பிவிட்டது.

அதுவரை அது எங்கே இருந்தது?

நம்மைக் காக்கும் வெண்குருதிக் கலங்களுக்குள்தான். சிடி4 எனப்படும் இக்கலங்களில் சில, ஒருமுறை கண்ட நோயை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு வருடக்கணக்காக ஓய்ந்து கிடக்கும். சின்னமுத்து வந்தவருக்குப் பெரும்பாலும் அது திரும்ப வராததற்கு இத்தகைய ஞாபகக் கலங்களும் ஒரு காரணம். எச்.ஐ.வி அந்தக் கலத்தின் டி.என்.ஏயோடு தன்னுடையதையும் சேர்த்துத் தைத்துவிடுகிறது. கலம் உறங்கினால் கிருமியும் உறங்கும். கலம் இரண்டாகப் பிரிந்தால் கிருமியும் கூடவே இரண்டாகும். குளிசை கிருமி பெருகுவதைத்தான் தடுக்கும். உறங்குவதை அது தொடாது. ரிப்போர்ட்டும் இரத்தத்தில் மிதக்கும் கிருமியைத்தான் எண்ணுகிறது, கலத்துக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. ஓய்ந்திருக்கும் பத்து லட்சம் கலங்களில் ஏறக்குறைய ஒன்றில்தான் இப்படி உயிர்ப்புள்ள கிருமி கிடக்கும். ஆனால் அது விழித்தால் போதுமே! மருந்தை நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களுக்குள் கிருமி மீண்டும் பெருகிவிடுகிறது.

எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையால் குணமானவர்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அவர்களும் புற்றுநோய்க்காக அந்த ஆபத்தான சிகிச்சைக்குப் போனவர்கள்.

"அப்ப நான் விழுங்கிறதெல்லாம் வீணா?" என்று முகம் வாடினாள்.

வீணே இல்லை. பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் கிருமி அடங்கியிருக்கும்வரை தாம்பத்திய உறவால் கணவனுக்குத் தொற்றாது. தாய் ஒழுங்காக மருந்தெடுத்தால் பிள்ளைக்குத் தொற்றுவதும் மிக அரிது. தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி பரவுவதை ஒழித்ததாக 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்ததும் இந்தக் குளிசைகளின் பலத்தில்தான்.

"எத்தனை வருசத்துக்கு அக்கா?"

அமெரிக்க விஞ்ஞானி ரொபேர்ட் சிலிசியானோவின் குழுவினர் போட்ட கணக்கைச் சொன்னேன். உறங்கும் கலங்கள் பாதியாகக் குறையவே 44 மாதம். முற்றாகத் தீர 73 வருடத்துக்கும் மேல்.

விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "எனக்கு நூற்றைந்து வயசாகுமே!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு போனை எடுத்து இரவு எட்டு மணி அலாரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.