உங்களுக்குத் தெரியுமா? பெரேரா என்றால் பேரிக்காய் மரம்!

எம்பிலிப்பிட்டிய கடைத்தெருப் பெயர்ப்பலகைகளில் பெரேராவும் சில்வாவும் கண்ணில் படாமல் போகாது. இரண்டும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற குடும்பப் பெயர்கள். போர்த்துக்கீசில் 'பெரெய்ரா' பேரிக்காய் மரம்; 'சில்வா', காடு எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பிரேசிலில் மிக அதிகமானோர் சூடும் குடும்பப் பெயரும் சில்வாதான்.

1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் 1658இல் வெளியேறினார்கள். ஞானஸ்நானத்தின்போது அவர்கள் சூட்டிய பெயர்களோ நிலைத்துவிட்டன. இன்று பௌத்தக் குடும்பங்களும் அவற்றைத் தாங்கி நிற்கின்றன. தூத்துக்குடிக் கடற்கரைத் தமிழர்களிடமும் பெர்னாண்டோ, கோமஸ் என இதே வரிசையைக் காணலாம்.

அயர்லாந்துக் குடும்பப் பெயர்களில் முதலிடம் மர்ஃபிக்கு. 'முர்காத்' என்ற மூதாதையின் வழிவந்தவர் என்பது அதன் மூலம். முர்காத் என்றால் கடல் வீரன். அங்கே பெயருக்கு முன் வரும் 'ஓ' வழித்தோன்றலையும் 'மக்' மகனையும் குறிக்கும்.

இறக்குவானை மலைப்பக்கத்துத் தோட்டத் தமிழர் வழக்கம் வேறு. முத்தையாவின் மகன் மு. செல்வராஜா, செல்வராஜாவின் மகள் செ. கலைவாணி. தலைமுறைக்குத் தலைமுறை முதலெழுத்து மாறிவிடும், பாட்டன் பெயர் மறைந்துவிடும். தமிழகத்திலிருந்து கண்டி, சப்ரகமுவ மலைகளுக்கு வந்த முன்னோரைத் தேடுவோருக்கு இது பெரிய இடர். ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போக வழியில்லை.

வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், பாட்டன், பூட்டன் பெயர்களை இன்றே கேட்டு, ஊர்ப் பெயரோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.