முந்திரிப் பருப்பு வாங்குவோருக்கு

மயிலாப்பூர் மாட வீதியிலோ தியாகராயநகரிலோ முந்திரிப் பருப்புக் கேட்டால், "180-ஆ, 240-ஆ, 320-ஆ?" என்பார் கடைக்காரர். விலை சொல்லுகிறார் என்று மலைக்க வேண்டியதில்லை. ஒரு ராத்தலுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்பதே அந்தக் கணக்கு. எண் குறையக் குறையப் பருப்புப் பெரிது, விலையும் பெரிது. ருசி என்னவோ ஒன்றுதான். ஆகையால் பாயசத்துக்கும், அரைத்து விடுவதற்கும் உடைத்த பருப்பே போதும்.

முந்திரியில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் கொழுப்பு. வெப்பமும் காற்றும் பட்டால் காறிப் போகும். நம் கடற்காற்றில் நமுத்தும் போகும். ஈரமில்லாத புட்டியில் இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைப்பது உத்தமம். வெளியே எடுத்ததும் திறவாமல், குளிர் தணிந்த பிறகு திறக்க வேண்டும். வறுக்கும்போது இளந்தீயில் நெய் விட்டு, பொன்னிறம் காணுமுன்பே இறக்கிவிடுக. நெய்யின் சூடே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

"பச்சை முந்திரி" என்று நாம் வாங்குவதும் உண்மையில் பச்சையன்று. அதன் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். ஆதலால் அவித்தோ வறுத்தோதான் உடைப்பார்கள். அப்படியும் பண்ருட்டிப் பக்கத்தில் உடைக்கும் பெண்களின் விரல்களில் கறை ஏறிவிடுகிறது. 2011 டிசம்பர் 30-ல் அடித்த தானே புயலில் அங்கே முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. புதுக் கன்று காய்க்கவோ வருஷங்கள் ஆகும்.

அத்தனையும் கடந்து நம் வீட்டுக்கு வரும் பருப்பை அலட்சியத்தால் காறவிட்டுக் குப்பையில் கொட்டலாமா?