எட்டுல ஒருத்தின்னா, எங்க டேபிள்ல யாரு?

போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. அனுப்பினவங்களுக்கு 27 வயசு, சென்னையில ஐ.டி. வேலை. "எட்டுப் பெண்கள்ல ஒருத்திக்கு மார்பகப் புற்றுநோய் வரும்னு ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு படம் வந்துச்சு. அன்னிக்கு மதியம் சாப்பிட உட்கார்ந்தா, சரியா எட்டுப் பேர். யாரும் வாய்விட்டுச் சொல்லல. ஆனா எல்லாரும் மனசுக்குள்ள எண்ணிட்டுத்தான் இருந்தோம்"னு சொல்லியிருந்தாங்க.

இன்னிக்கு அந்த ஒரு நம்பரைப் பிரிச்சுப் பார்ப்போம்.

அந்த எட்டு எங்கிருந்து வந்தது?

அது அமெரிக்கப் பெண்களோட கணக்கு. அதுவும் ஒரு வருஷக் கணக்கு இல்ல, முழு ஆயுளுக்குமான கணக்கு. அதாவது எட்டுப் பெண்கள் பிறந்து, வளர்ந்து, வயசாகி வாழ்ந்து முடிக்கிற வரைக்கும் பார்த்தா, சராசரியா அதுல ஒருத்தருக்கு எப்பவாவது ஒரு கட்டத்துல இந்த நோய் வரும். வந்தவங்க எல்லாரும் இறந்துடுவாங்கன்னும் அர்த்தம் இல்ல.

இப்போ அதையே வயசு வாரியா உடைச்சுப் பாருங்க. அமெரிக்காவுல 30 வயசுல இருக்கிற ஒரு பெண்ணுக்கு அடுத்த 10 வருஷத்துல மார்பகப் புற்றுநோய் வர்ற வாய்ப்பு சுமார் 200-ல ஒண்ணு. 40 வயசுல அது 65-ல ஒண்ணு. 50-ல 42-க்கு ஒண்ணு. 60-ல 28-க்கு ஒண்ணு. வயசு ஏற ஏற வாய்ப்பும் ஏறுது. இதெல்லாம் சேர்ந்துதான் கடைசியில எட்டுல ஒண்ணுன்னு வருது. அந்த லன்ச் டேபிளுக்கு இந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது.

நம்ம ஊர்க் கணக்கு என்ன?

இந்தியாவுல புற்றுநோய் பதிவேடுகள்னு ஒரு ஏற்பாடு இருக்கு. ஒரு ஊர்ல யாருக்கெல்லாம் புதுசா கேன்சர் கண்டுபிடிக்கப்படுதுன்னு ஆஸ்பத்திரி, லேப், இறப்புப் பதிவுன்னு தேடிச் சேர்க்கிற வேலை. 1980-களோட தொடக்கத்துலயே இது ஆரம்பிச்சாச்சு. சென்னைக்கான பதிவேட்டை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நடத்துது. இந்தப் பதிவேடுகளை வெச்சு 2020-ல வெளியான தேசிய அறிக்கை சொன்னது இது: இந்தியப் பெண்கள்ல 29 பேர்ல ஒருத்தருக்கு, 74 வயசுக்குள்ள மார்பகப் புற்றுநோய் வர வாய்ப்பு இருக்கு. நகரங்கள்ல இது கிராமங்களைவிட அதிகம். லேட்டா குழந்தை பெத்துக்கிறது, தாய்ப்பால் கொடுக்கிற காலம் குறையுறது, உடல் எடை கூடுறதுன்னு பல காரணங்கள் இருக்கு.

இன்னொரு விஷயமும் அடிக்கடி கேட்டிருப்பீங்க: "இந்தியாவுல சின்ன வயசுலயே வருது." இதுல பாதி உண்மைதான். நம்ம நாட்டுல இளைஞர்கள் தொகை அதிகம். அதனால நோயாளிகள் கூட்டத்துலயும் இளம் முகங்கள் அதிகமா தெரியும். ஆனா ஒரு லட்சம் பேருக்கு எத்தனைன்னு வயசு வாரியா எண்ணினா, இங்கயும் 30-கள்ல இருக்கிறவங்களைவிட 50-ஐத் தாண்டினவங்களுக்கு வாய்ப்பு பல மடங்கு அதிகம்.

அப்போ நிம்மதியா இருக்கலாமா?

இங்கதான் கொஞ்சம் நிக்கணும். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை 2022-க்குப் போட்ட மதிப்பீட்டைப் பாருங்க. அமெரிக்காவுல புதுசா வந்தது சுமார் 2.7 லட்சம் பேருக்கு, இறந்தவங்க சுமார் 43,000. இந்தியாவுல புதுசா வந்தது சுமார் 1.92 லட்சம் பேருக்கு, இறந்தவங்க சுமார் 98,000.

இறந்தவங்க எல்லாரும் அதே வருஷம் நோய் கண்டுபிடிக்கப்பட்டவங்க இல்ல. அதனால "வந்தா பாதிப் பேர் பிழைக்க மாட்டாங்க"ன்னு இதைப் படிக்கக் கூடாது. ஆனா வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுதே! அங்க நோய் அதிகம், சாவு குறைவு. இங்க நோய் குறைவு, சாவு அதிகம். பெரிய காரணம் தாமதம். நம்ம ஊர்ல நிறைய பேர், கட்டி பெருசாகி அக்குள் வரைக்கும் பரவின பிறகுதான் டாக்டர்கிட்டயே போறாங்க. வலி இல்லையேன்னு விட்டுடுவாங்க. இந்தக் கட்டி பெரும்பாலும் ஆரம்பத்துல வலிக்காது.

அதனால வாய்ஸ் நோட் அனுப்பின தோழிக்கு என் பதில் இதுதான். உங்க டேபிள்ல எண்ணுறதை நிறுத்திட்டு, ராத்திரி வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. இந்தக் கணக்குல முதல்ல நினைக்க வேண்டியது 50-ஐத் தாண்டின உங்க அம்மா, பெரியம்மா, அத்தையை. மார்புலயோ அக்குள்லயோ புதுசா கட்டி இருக்கா, காம்பு உள்ள இழுத்திருக்கா, ரத்தம் கலந்து கசியுதா, தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி ஆகியிருக்கான்னு கூச்சப்படாம கேளுங்க. கட்டின்னாலே கேன்சர் இல்ல, முக்கால்வாசி சாதாரணக் கட்டிகள்தான். ஆனா அதை முடிவு பண்ண வேண்டியது டாக்டர். 30 வயசுக்கு மேல இருக்கிற பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள்லயே மார்பகப் பரிசோதனை செய்யறாங்க. உங்களுக்கே ஏதாவது மாற்றம் தெரிஞ்சா, 27 வயசுதானேன்னு தள்ளிப் போடாதீங்க.

அந்த வாட்ஸ்அப் படத்தை இனிமே பார்த்தா ஃபார்வேர்ட் பண்ணாதீங்க. அம்மாவுக்கு போன் பண்ணுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.