எக்ஸ்100வி-யில் இருந்து எக்ஸ்100விஐ-க்கு மாறலாமா? பழவங்காடியில் நின்று ஒரு கணக்கு

ஒரு காம்பாக்ட் கேமராவுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுப்பது சின்ன முடிவு இல்லை. உங்களில் பலருக்கு அது இரண்டு, மூன்று மாதச் சம்பளம். இஎம்ஐ போட்டால் ஒரு வருடம் மாதாமாதம் நினைவுக்கு வரும். ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100விஐ அந்த ரகக் கேமராதான். 2024 பிப்ரவரியில் வந்தது. அதற்கு முந்தைய மாடலான எக்ஸ்100வி, 2020 பிப்ரவரியில் வந்தது.

கேள்வி இரண்டு. பழசு கையில் இருப்பவர் புதுசுக்கு மாறலாமா? இரண்டுமே இல்லாதவர் செகண்ட் ஹேண்டில் பழசை வாங்கினால் போதுமா?

சுருக்கமான பதில்: நீங்கள் எதைப் படம் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மழுப்பலான பதில் மாதிரி தெரியும். ஆனா, இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

பேரில் என்ன இருக்கு?

இந்த வரிசையின் முதல் கேமரா எக்ஸ்100, 2011-ல் விற்பனைக்கு வந்தது. பிறகு எக்ஸ்100எஸ் (2013), எக்ஸ்100டி (2014), எக்ஸ்100எஃப் (2017). இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள் அவை. ஐந்தாவதில் இருந்து ரோமன் எண்: வி என்றால் 5, விஐ என்றால் 6. படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று, இனி 'பழசு', 'புதுசு' என்றே சொல்கிறேன்.

எது மாறியது, எது மாறவில்லை?

- சென்சார்: பழசு 26.1 மெகாபிக்சல், புதுசு 40.2 மெகாபிக்சல். சென்சாரின் அளவு இரண்டிலும் ஒன்றே (ஏபிஎஸ்-சி).
- லென்ஸ்: மாற்றம் இல்லை. இரண்டிலும் அதே 23 மிமீ எஃப்/2. ஃபுல் ஃபிரேம் கணக்கில் 35 மிமீ. ஜூம் கிடையாது.
- கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி (ஸ்டெபிலைசேஷன்): பழசில் இல்லை. புதுசில் உண்டு, நிறுவனம் சொல்லும் அளவு 6 ஸ்டாப்.
- ஆட்டோஃபோகஸ்: பழசு மனித முகத்தையும் கண்ணையும் தேடும். புதுசு கூடவே விலங்கு, பறவை, கார், பைக், ரயில், விமானம் ஆகியவற்றையும் அடையாளம் காணும்.
- வீடியோ: பழசு 4கே-யில் நொடிக்கு 30 ஃபிரேம். புதுசு 4கே-யில் 60 ஃபிரேம், 6.2கே-யில் 30 ஃபிரேம்.
- ஃபிலிம் சிமுலேஷன்: 17-ல் இருந்து 20.
- எடை: 478 கிராமில் இருந்து 521 கிராம். தடிமன் 2 மிமீ கூடியிருக்கிறது.
- பேட்டரி: இரண்டிலும் அதே என்பி-டபிள்யூ126எஸ்.
- அமெரிக்காவில் அறிமுக விலை: 1,399 டாலரில் இருந்து 1,599 டாலர். அதாவது 14% கூடுதல்.

பட்டியலைப் பார்த்தால் புதுசு எல்லா இடத்திலும் ஜெயிக்கிறது. ஆனா, நீங்கள் வாங்கப்போவது பட்டியலை இல்லை. அதை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்க வேண்டும்.

ஏன் பழவங்காடி?

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டைப் பகுதியில் இருக்கிறது பழவங்காடி கணபதி கோயில். திருவிதாங்கூர் நாயர் படை வழிபட்ட பிள்ளையார். இன்று கோயிலைப் பார்த்துக்கொள்வது இந்திய ராணுவம். இங்கே தேங்காய் உடைப்பதுதான் பிரபலமான நேர்ச்சை, நம்ம ஊர் சிதறுகாய் மாதிரி. கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு பக்கம் சாலை பஜார். இன்னொரு பக்கம் பத்மதீர்த்தக் குளமும் பத்மநாபசுவாமி கோயிலின் ஏழு நிலைக் கோபுரமும்.

கேமராவைச் சோதிக்க இது நல்ல இடம். வேகமாக நடக்கும் விஷயம், தூரத்தில் நடக்கும் விஷயம், இருட்டில் அசையாமல் நிற்கும் விஷயம் மூன்றும் நடந்துபோகிற தூரத்திலேயே கிடைக்கும். டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் உங்களில் பலருக்கு இது வார இறுதியில் போய்வரும் இடமும்கூட. ஒன்று மட்டும்: பத்மநாபசுவாமி கோயிலுக்குள் போனும் கேமராவும் அனுமதி இல்லை. பழவங்காடியிலும் உள்ளே எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். கீழே வரும் கணக்கெல்லாம் வெளியே நின்று எடுக்கும் படங்களுக்கானது.

கணக்கு 1: உடையும் தேங்காய்

தேங்காயை வீசி உடைக்கிறார்கள். நொடிக்கு 10 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம், அதாவது மணிக்கு 36 கிமீ. ஷட்டர் 1/4 நொடி திறந்திருந்தால் அதற்குள் தேங்காய் 2.5 மீட்டர் நகர்ந்திருக்கும். படத்தில் ஒரு கோடுதான் தெரியும். 1/1000 நொடி என்றால் 1 சென்டிமீட்டர்தான். அப்போதுதான் சில்லு சில்லாகத் தெறிப்பது தெளிவாக விழும்.

இங்கே ஸ்டெபிலைசேஷன் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. அது பிடிப்பது உங்கள் கையின் ஆட்டத்தை. தேங்காயின் வேகத்தை இல்லை. இந்த வித்தியாசம் புரியாமல்தான் பலர் '6 ஸ்டாப்' என்ற எண்ணுக்காகவே பணம் கொடுக்கிறார்கள்.

1/1000 நொடிக்குத் தேவை வெளிச்சம். அதை உள்ளே விடுவது லென்ஸ். இரண்டிலும் லென்ஸ் ஒன்று, எஃப்/2. சென்சாரின் பரப்பும் ஒன்று. எனவே சாயங்காலம் ஆறரை மணிக்குத் தேங்காய் உடைவதை எடுக்க, இரண்டு கேமராவும் ஏறக்குறைய ஒரே ஐஎஸ்ஓ-வுக்குத்தான் போக வேண்டும்.

ஆட்டோஃபோகஸ் உதவுமா? புதுசின் பட்டியலில் பறவை இருக்கிறது, ரயில் இருக்கிறது, தேங்காய் இல்லை. விழும் இடத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருப்பதுதான் வழி. அதைப் பழசிலும் செய்யலாம். முடிவு: சமம்.

கணக்கு 2: தெருவுக்கு எதிர்ப்பக்கம்

சாலை பஜாரில் எதிர்ப்பக்கக் கடையில் ஒருவர் பூ கட்டுகிறார். 35 மிமீ லென்ஸில் அவர் சின்னதாகத் தெரிவார். கிட்டே போக முடியவில்லை என்றால் படத்தை கிராப் செய்ய வேண்டும். இங்கேதான் மெகாபிக்சல் வேலைக்கு வருகிறது.

26.1-ல் இருந்து 40.2 என்றால் 54% கூடுதல். ஆனா இது பரப்பின் கணக்கு. நீள அகலத்தில் பாருங்கள்: பழசின் படம் 6240 × 4160 பிக்சல், புதுசின் படம் 7728 × 5152 பிக்சல். ஒவ்வொரு பக்கத்திலும் கூடியது 24% தான். விளம்பரம் 54-ஐச் சொல்லும். கண் பார்ப்பது 24-ஐ.

அந்த 24% எங்கே தேவைப்படும்? 12 × 18 அங்குல ஆல்பம் பக்கத்தை நல்ல தரத்தில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடிக்க 5400 × 3600 பிக்சல் போதும். பழசிலேயே அது இருக்கிறது. 4கே டிவி காட்டுவது 8.3 மெகாபிக்சல். இன்ஸ்டாகிராம் பதிவுக்கு 1080 பிக்சல் அகலமே போதும்.

கிராப் செய்யும்போது கதை மாறுகிறது. 70 மிமீ லென்ஸில் எடுத்த மாதிரி பாதியாக வெட்டினால் பழசில் மிஞ்சுவது 6.5 மெகாபிக்சல், புதுசில் 10 மெகாபிக்சல். 6.5 என்பது போனில் பார்க்க ஓகே, பெரிதாக அச்சடிக்கப் பத்தாது. 10 இருந்தால் ஆல்பத்தில் ஓரளவு பெரிய பிரிண்டுக்கே தாங்கும். ஜூம் இல்லாத கேமராவில் இது நிஜமான லாபம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. பிக்சல் ஒன்றரை மடங்கு என்றால் ஃபைல் அளவும் ஏறக்குறைய அந்த விகிதத்தில் கூடும். மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க், கிளவுட் சந்தா எல்லாம் அதன் பின்னாலேயே வரும். பழைய லேப்டாப் என்றால் எடிட்டிங் திணறும். முடிவு: கிராப் செய்பவருக்குப் புதுசு, செய்யாதவருக்குச் சமம்.

கணக்கு 3: விளக்கேற்றிய கோபுரம்

இருட்டிய பிறகு பத்மதீர்த்தக் கரையில் நிற்கிறீர்கள். எதிரே கோபுரம், தண்ணீரில் அதன் நிழல். எதுவும் அசையவில்லை. அசைவது உங்கள் கை மட்டும்தான். ஸ்டெபிலைசேஷனுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

35 மிமீ லென்ஸைக் கையில் பிடித்து நடுக்கம் இல்லாமல் எடுக்க, தோராயமாக 1/30 நொடி வேண்டும். ஒவ்வொரு ஸ்டாப்பும் இந்த நேரத்தை இரட்டிப்பாக்கும். 6 ஸ்டாப் என்றால் 64 மடங்கு. காகிதக் கணக்கில் 2 நொடி வரும். நிஜத்தில் அவ்வளவை நம்ப வேண்டாம். ஆய்வகத்து எண் அது. பாதியை, 3 ஸ்டாப்பை, எடுத்துக்கொள்வோம். 1/30 நொடி 1/4 நொடி ஆகிறது.

இதன் அர்த்தம்: பழசில் ஐஎஸ்ஓ 6400-ல் எடுக்க வேண்டிய படத்தை, புதுசில் ஐஎஸ்ஓ 800-ல் எடுத்துவிடலாம். புள்ளி புள்ளியான நாய்ஸ் குறையும், விளக்கின் நிறம் கலங்காது. ஆறு வருடத்துக்கு ஒருமுறை இந்தக் கோயிலில் நடக்கும் லட்சதீபம் மாதிரி ராத்திரியில், நெரிசலில் டிரைபாட் விரிக்க இடம் கிடைக்காத நேரத்தில், இந்த 3 ஸ்டாப்பின் மதிப்பு தெரியும். ஆனா அதே படத்தில் நடந்துபோகிறவர்கள் 1/4 நொடியில் கலைந்துதான் தெரிவார்கள். அந்த மங்கல் உங்களுக்குப் பிடித்தால் லாபம். முகம் வேண்டும் என்றால் மறுபடி கணக்கு 1-க்கே வந்துவிடுவீர்கள். முடிவு: புதுசு, தெளிவாக.

அப்போ பழசுக்கு ஏன் இவ்வளவு டிமாண்ட்?

2010-ல் உலகம் முழுக்கச் சுமார் 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் ஏற்றுமதி ஆயின, பெரும்பகுதி காம்பாக்ட். 2023-ல் எல்லா வகையும் சேர்த்து 80 லட்சத்துக்கும் குறைவு. ஸ்மார்ட்போன் சந்தையைச் சாப்பிட்டுவிட்டது. நிறுவனங்கள் காம்பாக்ட் தயாரிப்பைச் சுருக்கிக்கொண்டன.

அந்த நேரத்தில் 2022 வாக்கில் எக்ஸ்100வி டிக்டாக்கில் வைரல் ஆனது. எடிட் செய்யாமலே பழைய ஃபிலிம் மாதிரி நிறம் தருகிறது என்பதுதான் காரணம். ஸ்டாக் தீர்ந்தது. வெளிநாடுகளில் பயன்படுத்திய கேமராவே கடை விலையைவிட அதிகத்துக்குப் போனது. புதுசு வந்தபோது உற்பத்தியை ஜப்பானில் இருந்து சீனாவுக்கு மாற்றி, எண்ணிக்கையைக் கூட்டினார்கள். அப்படியும் காத்திருப்புப் பட்டியல் நீண்டது.

இதில் உங்களுக்கான பாடம் ஒன்று இருக்கிறது. பழசின் செகண்ட் ஹேண்ட் விலையைத் தீர்மானிப்பது அதன் தரம் மட்டும் இல்லை, தட்டுப்பாடும்தான். தட்டுப்பாட்டுக்குக் கொடுக்கும் பணம் படத்தில் தெரியாது.

வாங்கும் முன் செய்ய வேண்டியது

பழசு கையில் இருக்கிறதா? கடைசியாக எடுத்த 200 படங்களைத் திறந்து பாருங்கள். கூகுள் போட்டோஸில் படத்தை மேலே ஸ்வைப் பண்ணினால் ஷட்டர் வேகமும் ஐஎஸ்ஓ-வும் தெரியும். அசையாத விஷயத்தை 1/60 அல்லது அதற்கும் மெதுவான ஷட்டரில், ஐஎஸ்ஓ 1600-க்கு மேல் வைத்து எடுத்தவை எத்தனை? பாதிக்குப் பாதி வெட்டியவை எத்தனை? இரண்டையும் கூட்டுங்கள். 50-க்குக் கீழே வந்தால், அதாவது நாலில் ஒன்றுக்கும் குறைவு என்றால், மாற வேண்டிய அவசரம் இல்லை. இது தோராயமான அளவுகோல்தான். ஆனா ஆசையைவிட நம்பகமானது. வீடியோவும் நிறைய எடுப்பீர்கள் என்றால் இந்த எண்ணிக்கை தேவையே இல்லை. புதுசு எல்லா விதத்திலும் மேல்.

இரண்டுமே இல்லையா? செகண்ட் ஹேண்ட் பழசின் விலை, கடையில் புதுசின் விலையைவிட 20%-க்கும் குறைவான வித்தியாசத்தில் நின்றால், புதுசையே வாங்குங்கள். வாரன்டியும் கிடைக்கும். வித்தியாசம் 35-40% இருந்தால் பழசு நல்ல பேரம்.

பழசை வாங்கும்போது எஃப்/16-ல் வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கரும்புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசி. லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா என்பதால் அதை நீங்களே துடைக்க முடியாது, சர்வீஸ் சென்டர்தான். அடாப்டர் ரிங்கும் முன்பக்க ஃபில்டரும் போட்டால்தான் இரண்டு மாடலும் தூசி, தூறலைத் தாங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். எடவப்பாதி மழையில் வெறுமனே தொங்கவிட்டு நடக்கக் கூடாது.

வளைகுடாவில் இருந்து சொந்தக்காரர் கொண்டுவருவது திருவனந்தபுரத்தில் சகஜம். விலை குறைவாகத் தெரியும். சுங்க வரம்பு எவ்வளவு, அந்த வாரன்டி இந்தியாவில் செல்லுமா என்று முதலில் கேளுங்கள். இங்கே வாங்கினால் 18% ஜிஎஸ்டி போட்ட பில் கேளுங்கள். பில் இல்லாமல் சல்லிசாக வருவது, பழுதானால் உங்கள் தலையில்தான் விழும்.