கோடு கறுத்தால் தனிமம் மிகுதியா?

அடுப்புத் தீயில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிப் பாருங்கள். தீ பளிச்சென்று மஞ்சளாகும். அது உப்பிலுள்ள சோடியத்தின் நிறம். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளியை உமிழும். வெண்ணொளி தன் வழியே சென்றால் அதே அலைநீளங்களை விழுங்கும். விண்மீன்களின் நிறமாலையில் கறுப்புக் கோடுகள் தெரிவது இதனால்தான்.

இது பாடநூலில் உள்ளதே. ஆனால், ‘கோடு எவ்வளவு கறுப்போ, தனிமம் அவ்வளவு மிகுதி’ என்று என் மாணவர்கள் தேர்வில் எழுதிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 1920-களில் பெரிய வானியலாரே ஏறக்குறைய அப்படித்தான் எண்ணினர். சூரிய நிறமாலையில் கால்சியக் கோடுகள் மிகக் கறுப்பு; இரும்புக் கோடுகளோ ஏராளம். ஆகவே சூரியனும் பூமியைப் போன்றதே என்றனர்!

இம்முடிச்சை அவிழ்க்க உதவியது, 1920-இல் நம் மேகநாத சாகா கண்ட சமன்பாடு. எந்த வெப்பநிலையில் எத்தனை பங்கு அணுக்கள் அயனியாகும் என்பதை அது கூறும். அதைக் கொண்டு 1925-இல் ஹார்வர்டில் செசிலியா பெய்ன் கணக்கிட்டார். சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,800 கெல்வின். அந்த வெப்பத்தில், கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கும் நிலையில் இருப்பது கிட்டத்தட்ட 20 கோடி ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்றே. கால்சியமோ பெரும்பாலும் அதற்குத் தயாரான அயனியாகவே இருக்கிறது. ஆக, சூரியனில் பெரும்பங்கு ஹைட்ரஜன்தான். மூத்த வானியலார் ரஸ்ஸல் இதை ஏற்கவில்லை. அம்முடிவு உண்மையாக இராது என்று பெய்னே தம் ஆய்வேட்டில் எழுத நேர்ந்தது. 1929-இல் ரஸ்ஸலும் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார்.

ஒரு விண்மீனுக்கே இந்தப் பாடு. ஐந்து கோடி ஒளியாண்டுக்கும் அப்பாலுள்ள எம்87 போன்ற விண்மீன் மண்டலத்தை என்ன செய்வது? கோடானுகோடி விண்மீன்களின் ஒளி ஒன்றாகக் கலந்தே நமக்கு வருகிறது. அவை நொடிக்கு 300 கிலோமீட்டர் அளவில் அங்குமிங்கும் ஓடுவதால், டாப்ளர் விளைவில் கோடுகள் அரை நானோமீட்டர் அகன்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

இதைவிடப் பெரிய தொல்லை வயது. வெப்பம் மிக்க நீல விண்மீன்கள் முதலில் மடிவதால், முதிய கூட்டம் சிவந்திருக்கும். உலோகம் மிகுந்த கூட்டமும் சிவந்தே இருக்கும். (ஹீலியத்தைவிடக் கனமான எல்லாமே வானியலாருக்கு உலோகம்தான், வேதியியல் ஆசிரியர்கள் பொறுத்தருள்க!) வயது மும்மடங்கானாலும் உலோகம் இருமடங்கானாலும் நிறம் ஏறக்குறைய ஒன்றுபோலவே மாறும் என்று 1994-இல் வொர்தி காட்டினார்.

எனவே நிறத்தை மட்டும் நம்பாமல் கோடுகளைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். 486 நானோமீட்டரிலுள்ள ஹைட்ரஜன் கோடு பெரிதும் வயதைச் சொல்லும். 517-ஐ ஒட்டிய மெக்னீசியக் கோடுகளும் 527-ஐ ஒட்டிய இரும்புக் கோடுகளும் உலோகத்தைச் சொல்லும். பல வயது, பல கலவைகளுக்குக் கணினியில் உருவாக்கிய மாதிரி நிறமாலைகளோடு இவற்றை ஒப்பிடுகிறார்கள்.

அதில் கிடைத்த செய்தி சுவையானது. பெரிய நீள்வட்ட மண்டலங்களில், இரும்போடு ஒப்பிட்டால் மெக்னீசியம் சூரியனில் உள்ளதைப் போல ஏறத்தாழ இருமடங்கு. மெக்னீசியத்தைத் தருபவை, பிறந்து சில கோடி ஆண்டுகளுக்குள் வெடித்துவிடும் பெரும் விண்மீன்கள். இரும்பின் பெரும்பகுதியோ வெள்ளைக் குள்ள விண்மீன்கள் வெடித்து வருவது. அதற்குப் பலவேளை நூறு கோடி ஆண்டுகூட ஆகும். அந்த இரும்பு வந்து சேருமுன்பே அங்கே விண்மீன்கள் பெரும்பாலும் பிறந்து முடிந்துவிட்டன.