எத்தனை டயட்தான் மாற்றுவது?

எடை குறைத்துவிட்டேன் என்று சொல்லி வருகிறவர்களிடம் "எத்தனை கிலோ?" என்று நான் கேட்பதில்லை. "எத்தனை மாசம் அப்படியே நின்னுச்சு?" என்றுதான் கேட்பேன்.

குஜிலியம்பாறைப் பக்கம் பலரிடமிருந்து இதற்கு ஒரு வரிசையே பதிலாக வரும். முதலில் ஏழு நாள் ஜி.எம். டயட். அப்புறம் வெறும் வயிற்றில் கொள்ளுத் தண்ணீர். அதற்கடுத்து பேலியோ. கடைசியாக யாரோ விற்ற டப்பா பவுடர். ஒவ்வொன்றிலும் நாலு கிலோ இறங்கி ஐந்து கிலோ ஏறியிருக்கும். "எனக்கு நாக்கைக் கட்டத் தெரியலைங்கய்யா" என்று தங்களையே திட்டிக்கொள்வார்கள். பாவம், குற்றம் நாக்கின் மேல் மட்டும் இல்லை.

முதல் வாரத்தில் இறங்கும் எடையில் பெரும்பங்கு தண்ணீர். நம் ஈரலிலும் தசையிலும் அரை கிலோ அளவுக்கு மாவுச்சத்து சேமிப்பாக இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் அந்தச் சேமிப்பு கரைந்து தண்ணீரும் வெளியேறிவிடும். தராசு முள் இறங்கும், நமக்கும் சந்தோஷம். மறுபடி ஒரு வாரம் சோறு சாப்பிட்டால் போன தண்ணீர் திரும்பி வந்துவிடும். கொழுப்பு அப்படியே உட்கார்ந்திருக்கும்!

பட்டினியை நீட்டினால் இன்னொரு நஷ்டம். கொழுப்போடு தசையும் கரையும். திரும்ப ஏறும்போதோ கொழுப்புதான் முந்திக்கொள்ளும். போதாதற்கு, பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்து உடம்பு செலவைச் சுருக்கிக்கொள்ளும். அமெரிக்காவில் எடை குறைப்பதையே டி.வி. போட்டியாக நடத்தினார்கள். அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு 41 கிலோ திரும்பி வந்திருந்தது. ஓய்வாக இருக்கும்போது உடம்பு எரிக்கும் கலோரியும், இருக்க வேண்டியதைவிட நாளைக்கு 500 போலக் குறைவாகவே இருந்தது. ஆறு வருடம் ஆகியும் உடம்பு அந்தப் பட்டினியை மறக்கவில்லை.

"சரி, எந்த டயட்தான் நல்லது?" என்பீர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கொழுப்பைக் குறைத்த சாப்பாடு, மறு பாதிக்கு மாவுச்சத்தைக் குறைத்த சாப்பாடு. 2018-ல் வந்த முடிவு: ஒரு வருடத்தில் முதல் கூட்டத்துக்கு 5.3 கிலோ, அடுத்ததற்கு 6 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரே கூட்டத்துக்குள் நிறைய இறங்கியவர்களும் உண்டு, ஏறியவர்களும் உண்டு. டயட்டின் பெயரில் ஒன்றும் இல்லை. அது உங்கள் வீட்டு அடுப்பில் எத்தனை வருடம் ஓடும் என்பதில்தான் இருக்கிறது.

பேலியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். நியாண்டர் செல்வன் எழுதித் தமிழ்நாட்டில் பரவிய முறை இது. பலருக்கு எடையும் சர்க்கரையும் குறைந்தது உண்மைதான். ஆனால் நூல் மில்லுக்கு விடியற்காலையில் வேன் ஏறும் பெண் தினம் நூறு பாதாமுக்கு எங்கே போவாள்? வீட்டில் எல்லோரும் சாம்பார் சாதம் சாப்பிட, தனக்கு மட்டும் தனிச் சமையல் எத்தனை நாள் நடக்கும்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், மருந்து அளவை மாற்றாமல் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரிடும். தேரையரின் நோயணுகா விதி இரண்டு வேளைச் சாப்பாட்டைத்தான் சொல்கிறது. அதை நம்பியும் நீங்களாகவே ஒரு வேளையை விட்டுவிடாதீர்கள். மருந்து தரும் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

"சித்த வைத்தியர்தானே, கொழுப்பைக் கரைக்க ஒரு மூலிகை சொல்லுங்களேன்!" வெறுமனே கரைக்கும் மூலிகை என்னிடம் இல்லை. குடம்புளிச் சாறு அடைத்த கேப்ஸ்யூல்களால் ஈரல் கெட்டவர்களும் உண்டு. "கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழி சரிதான், ஆனால் கொள்ளை ஊறவைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு ஐந்து இட்லி சாப்பிட்டால் என்ன பிரயோஜனம்? நூறு கிராம் கொள்ளில் 22 கிராம் போலப் புரதம் இருக்கிறது. துவையலாக, சுண்டலாக மென்று தின்றால் பசி தாங்கும். கம்பும் அப்படித்தான். அரிசியைவிட நார்ச்சத்து கூடுதல், பசி சீக்கிரம் எடுக்காது. கலோரியில் மட்டும் அரிசிக்குக் கிட்டத்தட்டச் சமம். சிறுதானியம்தானே என்று மூன்று உருண்டை களி உள்ளே போனால் கணக்கு தப்பிவிடும்.

எங்கே தொடங்குவது? டீயில் தொடங்குங்கள். நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 50 கிராம், 200 கலோரி. மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ சர்க்கரை! முதல் மாதம் இதை மட்டும் பாதியாக்குங்கள், வேறு எதையும் தொட வேண்டாம். அது பழகிய பிறகு அரிசியை உலையில் போடும் முன் டம்ளரில் அளந்து, கால் பங்கு குறையுங்கள். அந்த இடத்தில் முருங்கைக்கீரைப் பொரியலோ, சுண்டலோ, ஒரு முட்டையோ வரட்டும். ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள் முடியட்டும். தினம் அரை மணி நேரம் நடை. குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், ஆனாலும் ஏறுகிறது என்பவர்கள் தைராய்டு பார்த்துவிடுங்கள்.

80 கிலோ இருப்பவருக்கு ஆறு மாதத்தில் நாலு கிலோ போதும். "இவ்வளவுதானா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். டாக்டர் அ. ராமச்சந்திரன் சென்னையில் நடத்தி, 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சர்க்கரை வரும் நிலையில் இருந்த 531 பேரில் ஒரு பகுதியினருக்கு இப்படி அளவான சாப்பாடும் நடையும் மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்றும் சொல்லித்தராத பிரிவில் மூன்று வருடத்தில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்தது. இவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் எடை பெரிதாகக் குறையவே இல்லை!

அதனால் தினமும் தராசில் ஏறி மனம் நொந்துகொள்ளாதீர்கள். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது. டேப் இல்லையா? இடுப்பில் அரைஞாண் கயிறு கட்டும் வழக்கம் இருந்தால், மாதத்துக்கு ஒரு தடவை, காலையில் வெறும் வயிற்றில் அதற்குள் விரலை விட்டுப் பாருங்கள். போன மாதம் ஒரு விரல் நுழைந்த இடத்தில் இந்த மாதம் இரண்டு விரல் நுழைந்தால், சாப்பாட்டை மாற்றாமல் அப்படியே தொடருங்கள்.